சுவிட்சு கேட்கும், மாட்யூல் கொடுக்கும்: காரின் பாடி எலக்ட்ரானிக்ஸ், அடிப்படையிலிருந்து

காரில் இண்டிகேட்டர் தண்டைத் தட்டுகிறோம், விளக்கு மினுக்குகிறது. சுவிட்சு வழியாகக் கரண்ட் ஓடிப் போய் பல்பைச் சேர்ந்தது என்றுதான் மனசு கணக்குப் போடும். வீட்டுச் சுவரில் இருக்கிற சுவிட்சு அப்படித்தான் வேலை செய்கிறது. பழைய வண்டிகளும் அப்படித்தான் இருந்தன. இப்போது ஓடுகிற பெரும்பாலான கார்களில் அந்தத் தண்டு பல்புக்கு நேராகக் கரண்ட் கொடுப்பதில்லை. "டிரைவர் இந்தப் பக்கம் திரும்பப் போகிறார்" என்ற தகவலை மட்டும் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கிற ஒரு பெட்டிக்குச் சொல்கிறது. பல்புக்குக் கரண்ட் விடுவது அந்தப் பெட்டி.

அதன் பெயர் பாடி கன்ட்ரோல் மாட்யூல். ஒர்க்ஷாப்பில் பிசிஎம் என்பார்கள், சிலர் வெறுமனே மாட்யூல் என்பார்கள். இன்ஜினுக்கு எவ்வளவு டீசல் அல்லது பெட்ரோல் போக வேண்டும் என்று பார்க்கிற ஈசிஎம் வேறு, இது வேறு. நாம் கையால் தொட்டு வேலை வாங்குகிற சங்கதிகள் இதன் பொறுப்பு: ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், சென்டர் லாக், பவர் விண்டோ, ரூம் லைட், திருட்டு அலாரம்.

சுவிட்சு கேட்பதோடு சரி, கொடுப்பது மாட்யூல். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் இன்றைய காரின் எலக்ட்ரிகல் வேலையில் பாதி விளங்கிவிடும். ரிப்பேருக்குப் போகும்போது தேவையில்லாமல் பணம் இழக்காமலும் இருக்கலாம்.

பத்து ஆம்பியர் சுவிட்சு

டாக்ஸி ஸ்டாண்டுகளில் அம்பாசிடர் வரிசை கட்டி நின்ற காலத்தை எடுத்துக்கொள்வோம். எச்4 ஹெட்லைட் பல்பு ஹை பீமில் 60 வாட். இரண்டு பல்புக்கும் சேர்த்து 120 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 10 ஆம்பியர். இவ்வளவு கரண்டும் டேஷ்போர்டில் இருக்கிற சுவிட்சுக்குள் புகுந்து வெளியே வந்தது. நாளாக ஆக உள்ளே இருக்கிற செம்புத் தகடு கருகும், சுவிட்சு சுடும், லைட் மங்கும். சுவிட்சு உருகி நாற்றம் வந்த கதை அந்தக் காலத்து டிரைவர் எல்லாரிடமும் ஒன்றாவது இருக்கும்.

அதற்கு வந்த மருந்து ரிலே. ஒரு சின்னக் கம்பிச்சுருளுக்கு 150, 200 மில்லி ஆம்பியர் கொடுத்தால் போதும், அது காந்தமாகி உள்ளே இருக்கிற பெரிய தொடர்பை இழுத்துச் சேர்க்கும், 30 ஆம்பியர் வரை ஓடும். சுவிட்சு லேசாகிவிட்டது. கேட்பவர் ஒருவர், கொடுப்பவர் ஒருவர் என்ற பிரிவினை அங்கேயே தொடங்கிவிட்டது. மாட்யூல் செய்தது அதற்கு நடுவில் ஒரு கணக்குப்பிள்ளையை உட்கார வைத்ததுதான்.

நடுவில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அந்தக் கால வண்டிகளின் செல்ப் மோட்டாரிலும் டைனமோவிலும் லூகாஸ் டிவிஎஸ் என்று பொறித்திருக்கும். அந்த டிவிஎஸ்ஸைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் பிறந்தது நம் திருக்குறுங்குடியில். தமிழ்நாட்டு ஆட்டோமொபைல் வரலாற்றில் நெல்லைச் சீமைக்கு இப்படி ஒரு பங்கு உண்டு.

அப்புறம் வசதிகள் ஒவ்வொன்றாக வந்தன. இண்டிகேட்டர் மினுக்க ஒரு பிளாஷர், விட்டுவிட்டு ஓடும் வைப்பருக்கு ஒரு டைமர், சென்டர் லாக்குக்கு ஒரு பெட்டி, ரிமோட்டுக்கு ஒரு பெட்டி, அலாரத்துக்கு ஒன்று, ஹெட்லைட்டை அணைக்காமல் இறங்கினால் கத்துவதற்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர், தனி எர்த் (கரண்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு). டிரைவர் பக்கக் கதவின் கீல் ஓரமாகப் போகிற ரப்பர் குழாய்க்குள் பத்து இருபது ஒயர் நெருக்கியடித்துக்கொண்டு போகும். இத்தனை பெட்டியையும் ஒன்றாக்கி, உள்ளே மைக்ரோகன்ட்ரோலர் என்கிற ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் சிப்பை வைத்தால் ஒயரும் குறையும், செலவும் குறையும். பிசிஎம் பிறந்ததற்குக் காரணம் பெரிய தத்துவம் எதுவும் இல்லை, செம்பு விலையும் கதவில் இடமில்லாததும்தான்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

திறந்து பார்த்தால் ஒரு சர்க்யூட் போர்டு. பேட்டரியின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் பகுதி, ஒரு மைக்ரோகன்ட்ரோலர், உள்ளே வருகிற தகவலைப் படிக்கும் பகுதி, வெளியே கரண்ட் விடுகிற டிரைவர் சிப்புகள், மற்ற மாட்யூல்களோடு பேசுவதற்கு ஒரு சிப். சில வண்டிகளில் பியூஸ் பெட்டியும் இதுவும் ஒரே உடம்பு.

உள்ளே வருகிற தகவலில் சுலபமானது கதவு சுவிட்சு. மாட்யூல் அந்த ஒயரில் கொஞ்சம் வோல்ட்டேஜ் வைத்துக் காத்திருக்கும். கதவு திறந்தால் சுவிட்சு அந்த ஒயரை எர்த்தோடு சேர்க்கும், வோல்ட்டேஜ் பூஜ்யமாகும், "கதவு திறந்திருக்கிறது" என்று மாட்யூல் குறித்துக்கொள்ளும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எந்தச் சுவிட்சும் ஒரே தட்டில் ஒழுங்காகச் சேராது. உலோகம் உலோகத்தில் மோதி சில மில்லி விநாடி துள்ளும். மாட்யூலின் வேகத்துக்கு அது பத்து முறை திறந்து மூடியது போலத் தெரியும். அதனால் அது பல முறை படித்துப் பார்த்து, தொடர்ந்து ஒரே பதில் வந்தால்தான் நம்பும்.

வைப்பர் தண்டு இன்னும் கெட்டிக்காரத்தனமானது. நாலு நிலைக்கு நாலு ஒயர் வேண்டாம். ஒவ்வொரு நிலையிலும் வேறு வேறு மதிப்புள்ள ரெசிஸ்டர் சேருகிற மாதிரி அமைத்துவிட்டால், ஒரே ஒயரில் வருகிற வோல்ட்டேஜைப் பார்த்தே எந்த நிலை என்று தெரிந்துவிடும். பல கார்களில் இப்படித்தான். ஸ்டியரிங்கில் இருக்கிற பட்டன்களுக்கும் இதே முறை உண்டு. ஆனால் தண்டின் உள்ளே அழுக்கோ ஈரமோ சேர்ந்து ரெசிஸ்டன்ஸ் மாறினால், நீங்கள் மெதுவான நிலையில் வைக்க வைப்பர் வேகமாக ஓடும். மாட்யூலைக் குறை சொல்லிப் பயனில்லை, அதற்கு வந்த செய்தியே தப்பு.

வெளியே கரண்ட் விடும் பக்கம் எனக்கு இதைவிடப் பிடித்தது. முன்பு ரிலே செய்த வேலையை இப்போது பெரும்பாலும் மாஸ்பெட் என்கிற செமிகன்டக்டர் சுவிட்சு செய்கிறது. அசையும் பாகம் கிடையாது, தேய்மானம் கிடையாது. விடுகிற கரண்ட் எவ்வளவு என்று அதுவே அளந்து மைக்ரோகன்ட்ரோலருக்குச் சொல்லவும் செய்யும். ஒயர் எங்காவது பாடியில் உரசி ஷார்ட் ஆனால் நொடிக்கும் குறைவான நேரத்தில் தானே மூடிக்கொள்ளும். பியூஸ் போகாமலே லைட் அணைந்து கிடக்கும் காரணம் சில நேரம் இதுதான்.

எல்இடி போட்டதும் இண்டிகேட்டர் படபடவென்று அடிப்பதும் இப்படிக் கரண்டை அளப்பதால்தான். இண்டிகேட்டர் பல்பு 21 வாட், ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். ஒரு பல்பு போய்விட்டால் கரண்ட் குறையும். அதைப் பார்த்த மாட்யூல் மினுக்கும் வேகத்தைக் கூட்டி டிரைவருக்கு எச்சரிக்கை கொடுக்கும். சட்டப்படி இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மினுக்க வேண்டும், கோளாறு வந்தால் அதற்கு மேல் போகும். கடையில் பளபளவென்று இருக்கிறது என்று எல்இடி பல்பு வாங்கி மாட்டினால் அது இழுப்பது சொற்ப கரண்ட். "பல்பு போய்விட்டது" என்று மாட்யூல் நினைத்துக்கொள்கிறது. இதற்கு ஒரு ரெசிஸ்டரைப் பக்கத்தில் கட்டிக் கரண்டை வீணாக்கி ஏமாற்றுகிற வழக்கம் உண்டு. அந்த ரெசிஸ்டர் கைவைக்க முடியாத அளவு சுடும். பிளாஸ்டிக்கையோ ஒயரையோ ஒட்டி அதைக் கட்டாமல் இருந்தால் சரி. கம்பெனியே கொடுத்த பல்பையே மாட்டுவது அதைவிடச் சரி.

இன்னொன்று, விளக்கு மெல்ல மெல்ல மங்கி அணைவது. மாட்யூல் வோல்ட்டேஜைக் குறைப்பதில்லை. ஒரு நொடிக்குள் பல நூறு முறை போட்டு அணைக்கிறது. போட்டிருக்கும் நேரம் பாதி, அணைந்திருக்கும் நேரம் பாதி என்றால் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். அந்த விகிதத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தால் சினிமாத் தியேட்டர் விளக்கு போல அணையும்.

ரிமோட்டை அழுத்திய பிறகு

பாளையங்கோட்டையில் ராத்திரி பஸ் ஸ்டாண்டில் யாரையோ இறக்கிவிட்டு வந்து காரைத் திறக்கிறீர்கள் என்று வையுங்கள். விரல் பட்டனில் பட்டதும் சாவிக்குள் இருக்கிற சின்ன டிரான்ஸ்மிட்டர் ஒரு செய்தியை அனுப்புகிறது. இந்தியாவில் ஓடும் பல கார்களில் இது 433.92 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. செய்தியில் சாவியின் அடையாள எண்ணும், ஒவ்வொரு அழுத்தலுக்கும் மாறிக்கொண்டே போகிற ஒரு சங்கேத எண்ணும் இருக்கும். பக்கத்தில் நின்று அந்தச் செய்தியை ஒருவன் பதிவு செய்து அப்படியே திருப்பிப் போட்டாலும் அந்த எண் ஏற்கெனவே செலவாகிவிட்டதால் கதவு திறக்காது.

எண் சரி என்று தெரிந்ததும் மாட்யூல் கதவு லாக் மோட்டார்களுக்குக் கரண்ட் விடுகிறது. ஒரு நொடிக்கும் குறைவாகத்தான். அதற்கு மேல் விட்டால் மோட்டார் சூடாகிவிடும். திறக்க ஒரு திசை, பூட்ட எதிர்த் திசை. பிளஸ், மைனஸ் இரண்டையும் மாற்றிக் கொடுக்க நாலு சுவிட்சு சேர்ந்த ஒரு சுற்று உள்ளே இருக்கிறது. கூடவே இண்டிகேட்டர் மினுக்குகிறது, ரூம் லைட் மெல்ல எரிகிறது. திறந்துவிட்டு யாரும் கதவைத் தொடாமல் அரை நிமிடம் போனால் பல வண்டிகள் தாமாகவே திரும்பப் பூட்டிக்கொள்ளும்.

உள்ளே ஏறி சாவியைத் திருகும்போது இன்னொரு விசாரணை நடக்கிறது. சாவியின் தலைக்குள் பேட்டரி இல்லாத ஒரு சிப் இருக்கிறது. சாவித் துவாரத்தைச் சுற்றி இருக்கிற கம்பிச்சுருள் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் காந்தப்புலம் உண்டாக்கி, அந்தப் புலத்தாலேயே சிப்புக்குச் சக்தி கொடுத்து, "நீ யார்" என்று கேட்கும். பதில் சரியாக இருந்தால்தான் பிசிஎம் அல்லது அதற்கென்று இருக்கிற இம்மொபிலைசர் பெட்டி இன்ஜின் ஈசிஎம்முக்கு அனுமதி கொடுக்கும். கள்ளச்சாவி போட்டுத் திருகினால் செல்ப் சுற்றலாம், இன்ஜின் தொடர்ந்து ஓடாது. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் சாவியின் பேட்டரி தீர்ந்துவிட்டால் பதற வேண்டியதில்லை. சாவிக்குள்ளேயே ஒரு இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், அதை உருவிக் கதவைத் திறக்கலாம். பிறகு சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிவைத்து அழுத்தினால் பெரும்பாலான வண்டிகள் கிளம்பும். ஒட்டவைக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் படம் போட்டிருப்பார்கள்.

வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் கதவுகள் 'டக்'கென்று பூட்டிக்கொள்கின்றன. ரிவர்ஸ் போடும்போது முன் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தால் சில வண்டிகளில் பின் கண்ணாடி வைப்பரும் ஒரு தடவை துடைக்கும். விபத்தில் ஏர்பேக் வெடித்தால் பல வண்டிகளில் கதவுகளின் பூட்டு தாமாக விடுபட்டு, நாலு இண்டிகேட்டரும் மினுக்கும். இதெல்லாம் மாட்யூலுக்குள் எழுதி வைத்த விதிகள். நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் சீட் பெல்ட் எச்சரிக்கை, வேக எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் ஆகியவற்றோடு, மின்சாரம் போனாலும் கதவைக் கையால் திறக்கிற வசதியும் கட்டாயமானது. நாங்குநேரி பக்கம் நாலுவழிச்சாலையில் 80-ஐத் தாண்டியதும் மீட்டரிலிருந்து 'டிங்' என்று விட்டுவிட்டு ஒரு சத்தம் வருமே, அந்த விதியின் பலன்தான் அது.

ஊர் முழுக்கக் கேட்கும் செய்தி

வண்டியின் வேகத்தை பிசிஎம் எப்படித் தெரிந்துகொண்டது? சக்கரத்தில் இருக்கிற சென்சாரின் ஒயர், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நிற்காமல் பார்க்கிற ஏபிஎஸ் மாட்யூலுக்குத்தான் போகிறது. அங்கிருந்து மற்றவர்களுக்குப் போக ஒரு பொதுவழி வேண்டும். அதுதான் கேன் (CAN). பாஷ் நிறுவனம் உருவாக்கி 1986-இல் வெளியிட்டது, 1991-இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வந்தது, இன்று சின்ன காரிலும் இருக்கிறது.

ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு ஒயர், அவ்வளவுதான். எல்லா மாட்யூலும் அதே இரண்டு ஒயரில் தொங்குகின்றன. கோவில் கொடைத் திருவிழாவில் மைக் செட்டில் "வாசலை மறித்து நிற்கிற வெள்ளை கார் உடனே எடுக்கவும்" என்று சொல்வார்கள் அல்லவா? ஊரே கேட்கும், வெள்ளை கார்க்காரர் மட்டும் எழுந்து ஓடுவார். கேனும் அப்படித்தான். ஏபிஎஸ் மாட்யூல் "வேகம் 22" என்று பொதுவாகப் போட்டுவிடும், யாருக்கு என்று முகவரி எழுதாது. மீட்டர் அதை எடுத்து முள்ளை நகர்த்தும், பிசிஎம் கதவைப் பூட்டும், ஸ்டியரிங் மோட்டார் இறுக்கத்தைக் கூட்டும், பாட்டுப் பெட்டி சத்தத்தைக் கொஞ்சம் உயர்த்தும். வேண்டாதவர்கள் விட்டுவிடுவார்கள்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தால்? ஒவ்வொரு செய்திக்கும் தலைப்பில் ஒரு எண் உண்டு. எண் சின்னதாக இருந்தால் முன்னுரிமை அதிகம். பெரிய எண்காரர் தானாகவே வாயை மூடிக்கொண்டு அடுத்த வாய்ப்புக்குக் காத்திருப்பார், முதல் செய்தி சிதையாமல் போகும். பிரேக் சங்கதிக்குச் சின்ன எண், ரூம் லைட்டுக்குப் பெரிய எண்.

ஒயரை முறுக்கியதற்கும் காரணம் உண்டு. சும்மா இருக்கும்போது இரண்டு ஒயரிலும் 2.5 வோல்ட் இருக்கும். செய்தி போகும்போது ஒன்று 3.5 வோல்ட்டுக்கு ஏறும், மற்றது 1.5 வோல்ட்டுக்கு இறங்கும். கேட்பவர் பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். டைனமோவிலிருந்தோ ஹாரனிலிருந்தோ இரைச்சல் வந்து ஒட்டினாலும், ஒயர்கள் பின்னிக் கிடப்பதால் இரண்டிலும் சமமாக ஒட்டும், வித்தியாசம் மாறாது. கோட்டின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்குக்குக் கீழே, கோளாறு படிக்கிற ஸ்கேனர் கருவியை மாட்டுவதற்கு இருக்கிற 16 பின் சாக்கெட்டில் 6, 14 ஆகிய பின்களுக்கு இடையே மல்டிமீட்டர் வைத்தால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் இரண்டும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இடையில் செய்திகளை வாங்கிக் கடத்துகிற கேட்வே பெட்டி வைத்த வண்டிகளில் இந்தச் சோதனை முழுக் கதையையும் சொல்லாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பவர் விண்டோ, மழை சென்சார், பக்கக் கண்ணாடி போன்ற அவசரமில்லாத இடங்களுக்கு லின் என்று ஒரு மலிவான தம்பி உண்டு. ஒற்றை ஒயர், நொடிக்கு 20 கிலோபிட் வேகம்.

நம் பக்கத்து எதிரிகள்

மாட்யூல் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். கெடுப்பவை வேறு, அவற்றில் முதல் எதிரி தண்ணீர்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் புகுந்தது. டிரைவர் கால் வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், தரையிலிருந்து கொஞ்ச உயரத்திலேயே பிசிஎம் உட்கார்ந்திருக்கிற வண்டிகள் அதிகம், சீட் வரை தண்ணீர் ஏறினால் அது தப்பாது. தண்ணீர் பட்டதால் மட்டும் போர்டு உடனே சாவதில்லை. ஈரத்தோடு கரண்ட் சேரும்போதுதான் செம்பு அரித்துப் பச்சைப் பூ பூக்கும். அதனால் மூழ்கிய வண்டியில் சாவியைத் திருகிப் பார்க்கவே கூடாது. முதல் வேலை பேட்டரியின் மைனஸைக் கழற்றுவது. அப்புறம் கப்ளர்களை, அதாவது ஒயர்கள் வந்து சேரும் சொருகிகளைப் பிரித்து, சுத்தம் செய்து, முழுக்கக் காய வைக்க வேண்டும். காய்ந்த பிறகு ஓடுகிறதே என்று விட்டால், கப்ளருக்குள் தங்கிய சேறு ஆறு மாதம் கழித்து ஹாரனைத் தானாக அடிக்க வைக்கும். இந்தப் பக்கத்தில் பழைய கார் வாங்குகிறவர்கள் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்ப்பதும், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது.

வெள்ளம் வராமலும் தண்ணீர் வரும். வேப்பமரத்தடியில் நிறுத்துகிற காரில் முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற வடிகால் துளையை இலையும் பூவும் அடைத்துவிடும். மழைத் தண்ணீர் வழி தெரியாமல் உள்ளே இறங்கி பியூஸ் பெட்டி மேல் சொட்டும். மழைக்காலத்துக்கு முன்னால் பானெட்டைத் திறந்து அந்த இலையை அள்ளிப் போடுவது செலவில்லாத வேலை.

உவரி, இடிந்தகரை, கூட்டப்புளி என்று கடலோரத்தில் நிற்கிற வண்டிகளுக்கு உப்புக் காற்று. அது முதலில் கடிப்பது எர்த் பாயிண்டை. பின் விளக்கின் எர்த் துருப்பிடித்தால் பிரேக் மிதிக்கும்போது இண்டிகேட்டர் மங்கலாக எரியும். எர்த்துக்குப் போக வழியில்லாத கரண்ட், பக்கத்துப் பல்பு வழியாகச் சுற்றிப் போகிறது. பார்க்கிறவருக்கு மாட்யூலுக்குப் பேய் பிடித்தது போல இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து போல்ட்டை முறுக்கினால் பேய் இறங்கிவிடும். வயல்காட்டு ஊர்களில், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் எலி வேறு. கேன் ஒயர் ஒன்றைக் கடித்துவிட்டால் மீட்டரில் இருக்கிற எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒன்றாக எரியும். எல்லாமே ஒன்றாகக் கெட்டது போலத் தெரிந்தால், பொதுவாக இருக்கிற ஒன்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது பேட்டரி இறங்குவது. வெளிநாட்டிலும் சென்னையிலும் வேலை பார்க்கிறவர்கள் ஊர் வீட்டில் காரை நிறுத்திவிட்டுப் போவது இங்கே சகஜம். கொடைக்கு வந்து சாவியைத் திருகினால் 'கடக் கடக்'. பூட்டிச் சில நிமிடத்தில் மாட்யூல்கள் தூங்கிவிட வேண்டும். தூங்கும்போது எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று வாரத்தில் 15-ஐ இழந்திருக்கும், பழைய பேட்டரி என்றால் செல்ப் எடுக்காது. இது கோளாறு இல்லை, கணக்கு. ஆனால் டிக்கி சுவிட்சு கெட்டு "திறந்திருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் மாட்யூல் தூங்காமல் போகலாம். அரை ஆம்பியர் இழுத்தால் நாளைக்கு 12, மூன்றாம் நாள் பேட்டரி காலி. மாதக் கணக்கில் ஊருக்கு வரமாட்டோம் என்றால் மைனஸைக் கழற்றி வைத்துவிட்டுப் போகலாம். திரும்ப மாட்டிய பிறகு தானாக ஏறும் பவர் விண்டோ தன் எல்லையை மறந்திருக்கலாம். கண்ணாடியை மேலே வரை ஏற்றி சுவிட்சைச் சில நொடி பிடித்தால் பெரும்பாலும் திரும்பக் கற்றுக்கொள்ளும்.

மாட்யூல் போயிட்டு என்றால்

"அண்ணாச்சி, மாட்யூல் போயிட்டு, மாத்தணும்னு சொல்லுதாங்க."

"யாரு சொன்னா? ஸ்கேனர் போட்டாங்களா, சும்மா சொன்னாங்களா?"

நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் இப்படித்தான் திருப்பிக் கேட்பார். டிரைவர் பக்க ஜன்னல் இறங்கவில்லை என்று வைப்போம். ஸ்கேனரில் நேரடித் தகவல் பக்கத்தைத் திறந்து ஜன்னல் சுவிட்சை அழுத்திப் பார்க்க வேண்டும். திரையில் நிலை மாறினால் சுவிட்சிலிருந்து மாட்யூல் வரை வழி நன்றாக இருக்கிறது. மாறவில்லை என்றால் கோளாறு சுவிட்சில், அல்லது கதவு மடங்குகிற இடத்தில் முறிந்த ஒயரில். அடுத்து, ஸ்கேனரிலிருந்தே மாட்யூலுக்கு "கண்ணாடியை இறக்கு" என்று உத்தரவு போடலாம். இறங்கினால் வெளிப் பக்கமும் சரி. உத்தரவு போட்டும் இறங்காவிட்டால் மோட்டார் கப்ளரில் மீட்டர் வைத்து வோல்ட்டேஜ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் மோட்டாரையோ எர்த்தையோ பார்ப்பது. வரவில்லை என்றால், பியூஸ், மாட்யூலுக்கு வரும் பிளஸ், மாட்யூலின் எர்த், இடையில் இருக்கிற ஒயர் ஆகிய நாலையும் பார்த்துவிட்டுத்தான் மாட்யூலைக் கைகாட்டலாம். இத்தனைக்கும் முன்னால் பேட்டரியை அளந்திருக்க வேண்டும். நிறைந்த பேட்டரி 12.6 வோல்ட். அது தளர்ந்து, செல்ப் அடிக்கும்போது அதிகமாகச் சரிந்தால் மாட்யூல்கள் நடுவில் அணைந்து எழும். லாக் படபடக்கும், மீட்டர் முள் ஆடும். பேட்டரி மாற்றியதும் எல்லாம் அடங்கிவிடும்.

ஸ்கேனர் காட்டுகிற கோளாறு எண்ணின் (கோடு) முதல் எழுத்து "பி" என்று யாராவது சொன்னால் குழம்பும்; ஆங்கிலத்தில் P என்றால் இன்ஜின் பக்கம், B என்றால் பாடி, திரையைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். U என்று தொடங்கினால் மாட்யூல்களுக்கு இடையே பேச்சு அறுந்திருக்கிறது. ஆன்லைனில் வாங்குகிற புளூடூத் கருவிகள் பெரும்பாலும் இன்ஜின் கோடை மட்டுமே படிக்கும். பாடி பக்கம் போக அந்த வண்டிக்கு ஏற்ற ஸ்கேனர் வேண்டும்.

மாட்யூலை மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வந்தால், பழைய இரும்புக் கடையில் அதே மாடல் வண்டியிலிருந்து கழற்றியது மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படத் தோன்றும். பெட்டி சரியாக உட்காரும், ஆனால் அந்தப் பெட்டிக்குள் வேறு வண்டியின் சாவி விவரமும், வசதிப் பட்டியலும் இருக்கும். அதை உங்கள் வண்டிக்கு ஏற்றபடி திரும்ப எழுத, அதாவது கோடிங் செய்ய முடியுமா, யார் செய்வார் என்று முதலில் கேட்டுவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது. புதிய மாட்யூலுக்கும் கோடிங் உண்டு.

கூடுதல் ஹாரன், பாக் லைட் (மூடுபனி விளக்கு) மாட்டுகிறவர்களுக்கு ஒரே ஒரு சொல். ஹெட்லைட் ஒயரைச் சீவி அதில் டேப் சுற்றி இணைப்பு எடுக்காதீர்கள். மாட்யூல் அந்தக் கரண்டை அளந்துகொண்டிருக்கிறது, கூடினால் மூடும், அல்லது டிரைவர் சிப் புகையும். பேட்டரியிலிருந்து தனி பியூஸ், தனி ரிலே, தனி சுவிட்சு என்று போட்டால் மாட்யூலுக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

பக்கத்துத் தூத்துக்குடியில் 2025 ஆகஸ்டில் வின்பாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறந்ததிலிருந்து, மின்சாரக் காரில் இந்தப் பெட்டி இருக்குமா என்று கேட்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். இருக்கும். இன்ஜின் போனாலும் கதவும் விளக்கும் வைப்பரும் எங்கே போகும்? இப்போது வருகிற புது வடிவமைப்புகளில் வேலை வாரியாகப் பெட்டி வைக்காமல், முன் இடது, முன் வலது, பின்பக்கம் என்று இடவாரியாக வைத்து, அந்தந்த மூலையில் இருக்கிற எல்லாவற்றையும் அந்தப் பெட்டியிடமே விட்டுவிடுகிறார்கள். ஒயர் இன்னும் குறைகிறது. ஓட்டுவதற்கு நூற்றுக்கணக்கான வோல்ட்டில் பெரிய பேட்டரி அடியில் கிடந்தாலும், பாடி மாட்யூல்களுக்குச் சாப்பாடு போடுவது பொதுவாக ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரிதான். அது இறங்கினால் பெரிய பேட்டரி முழுசாக நிறைந்திருந்தாலும் வண்டி எழுந்திருக்காது, எலக்ட்ரிக் கார்க்காரரும் ஜம்பர் கேபிளோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதுதான்.